ஏறும் அணிக்கு எந்த இடம் முதலில்?

ஓர் அணி பட்டியலின் அடியில் கிடக்கும்போது எந்த இடத்துக்கு ஆள் வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்வது எளிது. எல்லா இடத்துக்கும் வேண்டும். அணி தலைதூக்கி, நாலாவது ஐந்தாவது இடத்துக்கு வந்து, கோப்பை கண்ணில் படத் தொடங்கிய பிறகுதான் அதே கேள்வி கடினமாகிறது. கையில் இருக்கும் பணம் ஓரிருவருக்குத்தான் போதும். அதை முன்களத்தில் போடுவதா, நடுக்களத்தில் போடுவதா, பின்களத்துக்குக் கொடுப்பதா? தவறான இடத்தில் போட்டால் ஏறிய அணி மறு வருடமே இறங்கிவிடும்.

சென்னையின் எஃப்சி அப்படி நான்கு முறை இறங்கியிருக்கிறது. 2015இல் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. 2016இல் எட்டு அணிகளில் ஏழாவதாக முடித்தது. 2017-18இல் மறுபடி கோப்பை. அடுத்த பருவத்தில் பத்து அணிகளில் பத்தாவது. 2019-20இல் இறுதியாட்டம் வரை போனது. அடுத்த பருவத்தில் எட்டாவது. 2023-24இல் ஆறாவதாக வந்து பிளேஆஃப் ஆடியது. 2024-25இல் பதின்மூன்று அணிகளில் பதினொன்றாவது. மாடெராட்ஸி, ஜான் கிரிகரி, ஓவன் காயில் என்று பயிற்சியாளர்கள் மாறினார்கள். ஏறியதும் சறுக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. பயிற்சியாளர் ஒருவரைக் குறை சொல்லி இதைக் கடந்துபோக முடியாது. ஏறிய ஒவ்வொரு முறையும் எந்த இடத்தைப் பலப்படுத்தினார்கள், எதைக் கவனிக்காமல் விட்டார்கள் என்று பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.

திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு சென்னை அணியைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று சிலர் கேட்கலாம். கிரிக்கெட்டில் எங்களுக்கு நெல்லை ராயல் கிங்ஸ் என்று ஊர்ப் பெயரிலேயே ஓர் அணி இருக்கிறது. 2023 ஜூலை 12 அன்று தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் இறுதியாட்டமே சங்கர்நகர் மைதானத்தில் நடந்தது. எங்கள் அணி கோவையிடம் தோற்றாலும் சொந்த மண்ணில் இறுதியாட்டம் பார்த்த நிறைவு ஊருக்குக் கிடைத்தது. கால்பந்தில் நாட்டின் முதன்மை லீகில் தமிழ்நாடு முழுவதற்கும் இருக்கும் ஒரே அணி சென்னையின் எஃப்சிதான். பாளையங்கோட்டையில் பள்ளி மைதானத்தில் பந்து உதைத்து வளர்ந்தவனுக்கும் அதுதான் அணி. நேரு விளையாட்டரங்கத்துக்குப் போக ஓர் இரவு ரயில் பயணம். பெரும்பாலான ஆட்டங்களைத் திரையில்தான் பார்க்கிறோம். அதனால் அக்கறை குறைந்துவிடுவதில்லை.

ஆட்களைப் பற்றிப் பேசுமுன் விதியைப் பார்க்க வேண்டும். எந்த இடம் முக்கியம் என்பதை மாற்றியதே அந்த விதிதான். 2014இல் லீக் தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்கள் ஆடலாம். 2017-18இல் அது ஐந்தானது. 2021-22 முதல் நான்கு. ஆக, இன்று களத்தில் நிற்கும் பதினொருவரில் ஏழு பேர் இந்தியர்கள். 2015இல் கோப்பை வென்ற அணிக்குக் கோல்கீப்பர் அபூலா ஏடெல் முதல் முன்களத்தில் ஸ்டீவன் மெண்டோசா வரை முதுகெலும்பாக இருந்தவர்கள் வெளிநாட்டவர்கள். மெண்டோசா அந்தப் பருவத்தில் 13 கோல் அடித்தார். மெண்டோசாவும் நடுக்கள வீரர் எலானோவும் போனதும் அணி ஏழாவது இடத்துக்கு விழுந்தது. இரவல் முதுகெலும்பில் நின்ற அணிக்கு வேறு என்ன நடக்கும்? அன்று அது ஓரளவு செல்லுபடியானது. இன்று நான்கு வெளிநாட்டவரை வைத்து ஒரு கோப்பையைக் கட்ட முடியாது. எனவே எந்த இடத்தைப் பலப்படுத்துவது என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: அந்த இடத்தில் நிற்கப்போகிறவர் யார், உள்நாட்டவரா வெளிநாட்டவரா?

இப்போது 2018க்கு வருவோம். இந்த அணியின் வரலாற்றில் அதிகம் கற்றுத்தரும் ஆண்டு அது.

2017-18இல் சென்னையின் எஃப்சி லீகில் 32 புள்ளிகளுடன் இரண்டாவதாக வந்தது. மார்ச் 17, 2018 அன்று பெங்களூருவில், பெங்களூரு அணியின் சொந்த மைதானத்திலேயே, 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. இரண்டு கோல்கள் ஸ்டாப்பர் மெயில்சன் ஆல்வெஸின் தலையிலிருந்து வந்தவை, இரண்டும் கார்னர் பந்துகள். மூன்றாவது ரஃபேல் அகுஸ்டோ அடித்தது. எல்லோரும் மெயில்சனையும் ரஃபேலையும்தான் பேசினார்கள். ஜேஜே லால்பெக்லுவா அந்தப் பருவத்தில் 9 கோல் அடித்திருந்தார். அவரையும் பேசினார்கள். ஆனால் ஆட்டத்தை ஊன்றிப் பார்த்தவர்களுக்கு வேறொருவர் தெரிந்திருப்பார். வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ். பின்களத்துக்கு முன்னால் நின்று எதிரணியின் பந்தை வழிமறிப்பது, பிடித்த பந்தை அனிருத் தாப்பாவுக்கோ ரஃபேலுக்கோ சேர்ப்பது, விங் பேக் முன்னேறினால் அவர் விட்ட இடத்தை அடைப்பது: இவை அவர் வேலை. கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தை 3-0 என்று வென்றபோது ஜேஜே இரண்டு கோல் அடித்தார், மூன்றாவதைக் கணேஷ் அடித்தார். அவர் கோல் அடித்த நாளில்தான் தலைப்புச் செய்தியில் பெயர் வந்தது.

அடுத்த பருவம் தொடங்கும் முன்பே கணேஷுக்கு முழங்காலில் காயம். லீக் பருவம் முழுவதும் அவர் இல்லை. மெயில்சன் இருந்தார், தாப்பா இருந்தார், ஜேஜே இருந்தார், பயிற்சியாளர் கிரிகரியும் அதே ஆள். 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 சமன், 13 தோல்வி. மொத்தம் 9 புள்ளிகள். ஒரே ஒருவர் இல்லாததால் மட்டும் ஒரு சாம்பியன் அணி இப்படி விழாது. ஜேஜேவின் கோல்கள் வற்றிப்போயின, புதிதாக வந்த வெளிநாட்டு முன்கள வீரரும் கைகொடுக்கவில்லை, பழைய பின்களக் கூட்டணியில் சேரெனோ போய்விட்டார். இருந்தாலும் என் முடிவு இதுதான்: சாம்பியனான பிறகு அந்த அணி முதலில் தேடியிருக்க வேண்டியது கணேஷுக்கு மாற்றாக நிற்கக்கூடிய இன்னொருவரை. தேடவில்லை. ஒரே தூணில் நின்ற நடுக்களம் அந்தத் தூண் போனதும் சரிந்தது. நடுக்களம் சரிந்ததால் மெயில்சன் போன்ற நல்ல ஸ்டாப்பர்களும் ஆட்டத்துக்கு ஆட்டம் நேருக்கு நேர் ஓடிவரும் ஃபார்வர்டுகளிடம் தனியாக மாட்டினார்கள்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி 2015இல் எங்கோலோ கான்டே என்ற நடுக்கள வீரரை பிரான்ஸின் கான் அணியிலிருந்து எடுத்தது. 2016இல் யாரும் எதிர்பாராத சாம்பியன் பட்டம். அந்தக் கோடையிலேயே கான்டே செல்சிக்குப் போனார். அடுத்த பருவத்தில் செல்சி சாம்பியன், லெஸ்டர் பன்னிரண்டாவது. வார்டியும் மாஹ்ரெஸும் லெஸ்டரில்தான் இருந்தார்கள். கோல் அடிப்பவர்கள் இருந்தும் அணி நடுவில் பிளந்தது.

சென்னையின் எஃப்சியின் அடுத்த ஏற்றமும் நடுக்களத்திலிருந்துதான் வந்தது என்பது என் வாதத்துக்கு இன்னொரு சான்று. 2019-20 பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி. கிரிகரி விலகினார், ஓவன் காயில் வந்தார். நெய்வேலிக்காரரான எட்வின் வான்ஸ்பாலைத் தாப்பாவோடு நடுக்களத்தில் நிறுத்தினார். அவர்களுக்குப் பின்னால் லூசியன் கோயானும் எலி சாபியாவும், முன்னால் கிரிவெல்லாரோவும் ஷெம்ப்ரியும், விங்கில் சாங்டேயும், முனையில் வால்ஸ்கிஸும். வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கினார். அணி நான்காவதாக முடித்து, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 6-5 என்று தாண்டியது. 2020 மார்ச் 14 அன்று கொரோனா அச்சத்தில் பார்வையாளர் இல்லாத மட்காவ் மைதானத்தில் ஏடிகேவிடம் 3-1 என்று தோற்றது. தோல்விதான். ஆனால் பத்தாவது இடத்திலிருந்து ஒரே வருடத்தில் இறுதியாட்டம்.

அதன் பிறகு நடந்தது முன்களத்தைப் பற்றிய பாடம். காயிலும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் போனார்கள். 2020-21இல் சென்னையின் எஃப்சி பின்களத்தில் உறுதியாகவே நின்றது. ஆனால் கோல் இல்லை. 20 ஆட்டங்களில் 11 சமனில் முடிந்தன. கிரிவெல்லாரோவும் பாதிப் பருவத்தில் காயத்தோடு வெளியேறினார். அந்தப் பதினொன்றில் ஓர் ஆறை வெற்றியாக மாற்ற ஓர் ஆள் இருந்திருந்தால் அணி பிளேஆஃபுக்குப் போயிருக்கும்.

ஆகவே சென்டர் ஃபார்வர்டுதான் முதல் தேவை என்று வாதிடுகிறவர்களை நான் ஒதுக்கிவிட மாட்டேன். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தைப் பலப்படுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. லீகின் பெரும்பாலான அணிகள் தங்கள் நான்கு வெளிநாட்டு இடங்களில் ஒன்றை முன்களத்துக்குத்தான் ஒதுக்குகின்றன. அதனால் இந்திய சென்டர் ஃபார்வர்டுகள் மாற்று வீரர்களாக உட்கார்ந்தே வயதாகிறார்கள். நாட்டு அணிக்கே இதன் விலை தெரியும். 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில் நாற்பது வயதில் மறுபடி அழைக்க வேண்டிவந்தது. நல்ல இந்திய ஃபார்வர்டைச் சந்தையில் பணம் கொடுத்து வாங்க முடியாது, ஏனென்றால் சந்தையில் ஆளே இல்லை. வெளிநாட்டு ஃபார்வர்டை வாங்கலாம். அவர் நன்றாக ஆடினால் அடுத்த வருடம் பணக்கார அணி கூட்டிக்கொண்டு போகும், ஆடாவிட்டால் ஓர் இடம் வீண். மெண்டோசாவும் வால்ஸ்கிஸும் போனபோது அவர்களோடு அணியின் பலமும் போனது. ஃபார்வர்டு தேவைதான். ஆனால் ஏற்றத்தை அவர்மேல் கட்டக் கூடாது.

பின்களத்தைப் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. 2018 கோப்பையே மெயில்சனின் தலையால் கிடைத்தது. லிவர்பூல் அணி 2018 ஜனவரியில் ஸ்டாப்பர் வான் டைக்கை வாங்கியது. அந்த வருட சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் கோல்கீப்பரின் பிழைகளால் தோற்றதும் அதே கோடையில் புதிய கோல்கீப்பராக அலிசனை வாங்கியது. 2019இல் ஐரோப்பியக் கோப்பை, 2020இல் முப்பது வருடக் காத்திருப்புக்குப் பிறகு லீக் பட்டம். ஏறிக்கொண்டிருந்த ஓர் அணி எந்த இடத்தில் ஓட்டை என்பதைச் சரியாகக் கண்டுபிடித்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கோல் அடிக்கும் மூவர் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். பணம் பின்னால் போனது.

நமக்கும் நல்ல கோல்கீப்பர் இருந்தார். விஷால் கைத் 2019 முதல் மூன்று பருவம் சென்னையில் ஆடினார். 2022இல் கொல்கத்தாவுக்குப் போனார். அடுத்த பருவமே கோல்டன் கிளவ் விருதும் கோப்பையும் அவருக்கு. சாங்டே 2022 ஜனவரியில் மும்பைக்குப் போனார், 2022-23இன் சிறந்த வீரரானார். பதினெட்டு வயதில் வந்து சென்னையிலேயே வளர்ந்து தலைமையேற்ற அனிருத் தாப்பா 2023இல் மோகன் பகானுக்குப் போனார். அங்கே லீக் கேடயங்களையும் கோப்பையையும் வென்றார். ரஹீம் அலி 2024இல் ஒடிசாவுக்கு. 2016இல் வளரும் வீரர் விருது வாங்கிய இடது பேக் ஜெரி லால்ரின்சுவாலாவும் போய்விட்டார்.

இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் மனம் கனக்கிறது. கோல்கீப்பர், இடது பேக், நடுக்களம், விங், முன்களம் என்று ஓர் அணியின் பாதி அதில் இருக்கிறது. எல்லோரும் இந்தியர்கள். எந்த இடத்தைப் பலப்படுத்துவது என்று ஒவ்வொரு கோடையிலும் நாம் விவாதித்துக்கொண்டிருந்தபோது, பலமாக இருந்த இடங்களை மற்ற அணிகள் எடுத்துக்கொண்டன. கொல்கத்தா, மும்பை அணிகளின் பணத்தோடு போட்டியிட முடியாது என்பது உண்மை. ஆனால் ஒப்பந்தம் முடிய ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பிப்பது, இருபத்திரண்டு வயதுக்காரருக்கு நான்கு வருட ஒப்பந்தம் கொடுப்பது, போகத்தான் போகிறார் என்றால் நல்ல விலைக்கு விற்று அந்தப் பணத்தை அதே இடத்தில் போடுவது ஆகியவற்றுக்குப் பெரும் செல்வம் தேவையில்லை. திட்டம் தேவை.

2023-24இன் ஏற்றம் சிறியது என்றாலும் அதில் நம்பிக்கைக்கு இடம் இருந்தது. காயில் திரும்பி வந்திருந்தார். 2024 மார்ச் 31 அன்று கொல்கத்தாவில் மோகன் பகானை 3-2 என்று வென்ற ஆட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தொண்ணூறு நிமிடம் முடிந்து சேர்த்துத் தந்த நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் இர்ஃபான் யாத்வாட் என்ற இந்திய ஃபார்வர்டு. பிளேஆஃபில் கோவாவிடம் 2-1 என்று தோற்றோம். அந்தக் கோடையில் வெளிநாட்டு வரிசை பெரும்பாலும் கலைந்தது. கிரிவெல்லாரோ போனார், மரே போனார், பட்டோக்கியோ போனார். வில்மர் ஜோர்டான், சீமா, எல்சின்யோ, பிரம்பில்லா வந்தார்கள். கானர் ஷீல்ட்ஸ் தங்கினார், உயிரைக் கொடுத்து ஆடினார். ஆனால் பின்களத்துக்கு முன்னால் நிற்கும் அந்த ஓர் இடம் பருவம் முழுவதும் சரியாக நிரம்பவில்லை. முன்னிலை பெற்ற ஆட்டங்களைக் காப்பாற்ற முடியாமல் புள்ளிகளை இழந்தோம்.

விங்கர்கள், விங் பேக்குகள் பற்றி ஒரு வார்த்தை போதும். அந்த இடங்களுக்கு வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இளைஞர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அங்கே பஞ்சம் இல்லை.

என் வரிசை இதுதான். முதலில், இருக்கும் நல்ல இந்திய வீரர்களைத் தக்கவைப்பது. அடுத்து, பின்களத்துக்கு முன்னால் நிற்கும் நடுக்கள வீரர்கள் இருவர், ஒருவர் அல்ல, இருவருமே இந்தியர்களாக. மூன்றாவது, வெளிநாட்டு ஸ்டாப்பரோடு ஜோடி சேரும் இந்திய ஸ்டாப்பர். அதன் பிறகே வெளிநாட்டு ஃபார்வர்டு. கோல்கீப்பருக்கு ஒரு மாற்று ஆள் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

நடுக்களத்தை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சென்னையின் எஃப்சியின் 2017-18, 2019-20 ஏற்றங்கள் இரண்டிலும் அந்த இடத்தில் நின்றவர்கள் தமிழர்கள். கணேஷ் வியாசர்பாடி, எட்வின் நெய்வேலி. அதுவும் எட்வின் வந்த வழியைப் பாருங்கள். 2018-19இல் சென்னையின் எஃப்சி கடைசி இடத்தில் கிடந்த அதே பருவத்தில், கோவையைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் பட்டத்தை வென்றது. பயிற்சியாளர் அக்பர் நவாஸ். முன்களத்தில் 21 கோல் அடித்த பெத்ரோ மான்சி உட்பட சில ஸ்பெயின்காரர்கள், அவர்களைச் சுற்றி எட்வின், அஜித்குமார், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற நம் பையன்கள். எங்கே வெளிநாட்டவர், எங்கே உள்ளூர்க்காரர் என்ற கணக்கு அந்த அணியில் துல்லியமாக இருந்தது. அந்த அணி இன்று முதன்மைக் களத்தில் இல்லை என்பது தமிழ்நாட்டுக் கால்பந்தின் பெரிய இழப்பு. அது காட்டிய கணக்கு பொய்யாகிவிடவில்லை.

தெற்கே வந்தால், கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் வந்தார். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் வழியாக ஏடிகேவுக்குப் போய், 2020இல் நம்மை வென்ற அணியிலேயே இருந்தார். சிவகங்கை மாவட்டத்துச் சிவசக்தி நாராயணன் 2022-23இன் வளரும் வீரர் விருதைப் பெங்களூரு சட்டையில் வாங்கினார். தென்தமிழ்நாட்டில் ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களைப் பார்க்க வருகிறவர்கள் பெங்களூரிலிருந்தும் ஜாம்ஷெட்பூரிலிருந்தும் வருகிறார்கள், சென்னையிலிருந்து போதுமான அளவில் வருவதில்லை.

தாமிரபரணிக் கரையில் நிலைமை இன்னும் பின்தங்கியது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கம் பிசான அறுவடை முடிந்த வயலில் பையன்கள் கிரிக்கெட் ஸ்டம்ப்தான் நடுகிறார்கள். கால்பந்து என்றால் பாளையங்கோட்டைப் பள்ளி, கல்லூரி மைதானங்களும், உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி போன்ற கடற்கரை ஊர்களும்தான். மணலில் ஓடிப் பழகிய அந்தக் கடற்கரைப் பையன்களுக்கு மூச்சும் காலும் இருக்கின்றன. எந்த நேரத்தில் முன்னேற வேண்டும், எப்போது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. எல்லோருக்கும் ஃபார்வர்டாக ஆசை. ஊர் டோர்னமெண்டில் கோல் அடித்தவனுக்குத்தான் பரிசு. பந்தைப் பறித்து இன்னொருவனுக்குக் கொடுக்கிறவனின் வேலையை மதித்துப் பழகாத மைதானத்தில் இன்னொரு கணேஷ் எப்படி வருவார்?

2025 ஜூலையில் லீகே நிறுத்திவைக்கப்பட்டு, கால்பந்துச் சம்மேளனத்துக்கும் அதன் வணிகக் கூட்டாளிக்கும் இடையிலான ஒப்பந்தச் சிக்கலால் எல்லா அணிகளும் தவித்தன. பணம் சுருங்கும் காலத்தில் விலை உயர்ந்த வெளிநாட்டுப் பெயர்களைத் தேடி ஓட முடியாது. இந்தக் கட்டாயத்தை நல்லதாக மாற்றிக்கொள்ளலாம். சென்னையின் எஃப்சி நிர்வாகத்துக்கு நெல்லையிலிருந்து ஒரு ரசிகனின் கோரிக்கை இது: வருடம் ஒரு முறையாவது உங்கள் தேர்வாளர்களைப் பாளையங்கோட்டைக்கும் உவரிக்கும் அனுப்புங்கள். பதினாறு வயதுக்குட்பட்ட நடுக்களப் பையன்களைப் பாருங்கள். அவர்களில் இருவரை எடுத்து நீண்ட ஒப்பந்தம் கொடுங்கள். அடுத்த முறை அணி ஏறும்போது அவர்களை விட்டுவிடாதீர்கள்.